இயோலானி மாளிகை: போகிறவர்களுக்கும், பழைய படங்கள் வைத்திருப்பவர்களுக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் ஹவாய் பற்றி வந்த கட்டுரை, கடற்கரைக்கும் நடனத்துக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, ஹொனலுலு நகர நடுவிலுள்ள இயோலானி மாளிகையை "அமெரிக்க மண்ணில் உள்ள ஒரே அரண்மனை" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியிலும் திருத்தம் தேவை. ஹவாய் அரச குடும்பம் வாழ்ந்த வேறு வீடுகளும் இன்று பார்வைக்குத் திறந்திருக்கின்றன. பெரிய தீவின் கைலுவா-கோனாவில் 1838 இல் கட்டி முடித்த ஹுலிஹேயே மாளிகை ஒன்று. ஹொனலுலுவின் நுவுவானு பள்ளத்தாக்கில் எம்மா அரசியின் கோடைகால வீடு இன்னொன்று. இயோலானியின் தனிச்சிறப்பு, ஆட்சியில் இருந்த மன்னரின் அதிகாரபூர்வ மாளிகையாக இருந்து, நாடு பறிபோனபோது தளபாடங்கள் ஏலத்தில் போய், பிறகு பொருள் பொருளாகத் தேடி நிரப்பப்பட்டதுதான். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கொழும்புக்காரர் பலர் இப்போது ஹவாயையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றையும், நமக்குப் பயன்படக்கூடிய ஒன்றையும் இங்கே தருகிறோம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. கலாக்கவுவா மன்னர் 1879 டிசெம்பர் 31 ஆம் திகதி அடிக்கல் நாட்டினார். 1882 இல் மாளிகை முடிந்தது. செங்கல் சுவர், மேலே சீமெந்துப் பூச்சு, வார்ப்பிரும்புத் தூண்கள். இடையில் 1881 இல் அவர் உலகத்தைச் சுற்றிவந்தார். பதவியிலிருக்கும் மன்னர் ஒருவர் அப்படிச் சுற்றியது அதுவே முதல் தடவை. கல்கத்தாவும் பம்பாயும் அந்தப் பயணத்தில் இருந்தன. நியூயோர்க்கில் எடிசனையும் சந்தித்தார். அதன் பலன் மாளிகையில் தெரிகிறது. 1887 அளவில் அங்கே மின்விளக்கு எரிந்தது. வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891 இல். தொலைபேசியும் தண்ணீர் பாய்ச்சும் கழிவறைகளும் குளியலறைகளில் சுடுநீரும் இருந்தன. அதே 1887 இல்தான் ஆயுத மிரட்டலின் கீழ் புதிய அரசியலமைப்பொன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கி, அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். 1891 இல் அவர் இறந்தார். தங்கை லிலியுவோக்கலானி அரியணை ஏறினார். 1893 ஜனவரி 16 ஆம் திகதி போஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 160 இற்கும் அதிகமான படையினர் கரையிறங்கினார்கள். மறுநாள், வணிகர்களும் வழக்கறிஞர்களும் அடங்கிய ஒரு குழு முடியாட்சி ஒழிந்தது என்று அறிவித்தது.

இனிப் பயண விடயம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க வீசா வேண்டும். ஹொனலுலுவில் இறங்கி வேறு விமானம் மாறுவதற்கும் வீசா வேண்டும். பலரும் சறுக்குவது நேரக் கணக்கில். ஹொனலுலு நமக்கு 15 மணி 30 நிமிடம் பின்னால் இருக்கிறது. இங்கே சனிக்கிழமை காலை 8 மணி என்றால் அங்கே வெள்ளி மாலை 4.30. டோக்கியோ வழியாக இரவில் புறப்பட்டால் திகதிக்கோட்டைத் தாண்டி அதே திகதியின் காலையில் இறங்குவீர்கள். மாளிகை அனுமதிச்சீட்டில் திகதியோடு நேரமும் குறிக்கப்படுவதால், இங்கிருந்து பதிவு செய்யும்போது திகதியை ஹொனலுலு நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். இறங்குகிற நாளிலேயே பதிவு செய்யவேண்டாம். விமானம் தாமதித்தால் சீட்டும் போகும், தூக்கக் கலக்கத்தில் பார்த்ததும் மனதில் நிற்காது. மாளிகை எல்லா நாளும் திறப்பதில்லை, ஆகவே நாட்களைப் பார்த்துவிட்டு விமானத்தைத் தீர்மானிப்பது நல்லது.

வழிகாட்டியோடு போவது ஒரு வகை, காதில் கருவியை மாட்டிக்கொண்டு தானாகச் சுற்றுவது இன்னொரு வகை. வயதானவர்களும் ஆங்கிலப் பேச்சைப் பின்தொடரச் சிரமப்படுகிறவர்களும் இரண்டாவதை எடுக்கலாம். கருவியை நிறுத்தி, திரும்பக் கேட்கலாம். மற்றவர்கள் வழிகாட்டியோடு போகவேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம். அங்குள்ள வழிகாட்டிகளில் பலர் தொண்டர்கள். கேள்வி கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். மேலும் கீழும் பார்க்க ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மேல்மாடிக்கு ஏற முடியாதவர்களுக்கு மின்தூக்கி உண்டு.

சீட்டு வாங்குவது மாளிகைக்குள் இல்லை. அதே வளவில் ஹலே கோவா என்ற பழைய காவற்படை முகாம் இருக்கிறது, அங்கேதான். 1871 இல் பவளக்கல்லால் கட்டிய அந்தக் கட்டடம் முதலில் இன்றைய சட்டசபை நிற்கும் நிலத்தில் இருந்தது. சட்டசபை கட்டுவதற்காக 1960களில் அதைக் கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். வளவுக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. 1883 பெப்ரவரி 12 ஆம் திகதி முடிசூட்டு விழா நடந்த மண்டபமும் அங்கேயே உள்ளது.

வாசலில் சப்பாத்துக்கு மேல் துணியுறை மாட்டச் சொல்வார்கள். சிலர் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சப்பாத்தின் அடியில் மணல் துகள் ஒட்டிவரும். மரத்தளத்தின் மெருகைவிட அது கடினமானது. நூறு பேர் நடந்தால் தளம் உரைதாள் தேய்த்ததுபோல் மங்கும். குதி உயர்ந்த சப்பாத்து இன்னும் மோசம்: முழு உடல் எடையும் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் இறங்கி மரத்தில் குழி விழும். தட்டையான சப்பாத்தோடு போங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டுங்கள்; ஒடுங்கிய வழியில் திரும்பும்போது பொருளைத் தட்டுவது கையல்ல, பைதான். குறிப்பெழுதப் பேனை வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். கைபேசியில் ஃபிளாஷை உள்ளே நுழையுமுன்பே அணைத்துவிடுங்கள்.

நுழைந்ததும் பெரிய மண்டபம். ஹவாயின் கோவா மரத்தில் செய்த படிக்கட்டும் சுவரில் மன்னர்கள், அரசிகளின் உருவப்படங்களும் கண்ணைப் பிடிக்கும். ஆனால் நின்று பார்க்கவேண்டியது அரியணை மண்டபம். சிவப்பும் பொன்னும் கலந்த திரைகளுக்கு நடுவே இரண்டு அரியணைகள். அவற்றுக்கு முன்னால் உச்சியில் பொன் உருண்டை பதித்த ஒரு நீண்ட தந்தக்கோல் நிற்கிறது. அது நார்வால் என்ற வடகடல் திமிங்கில வகையின் தந்தம். அரசரை மற்றவர் நெருங்கக்கூடாத எல்லையைக் குறிக்கும் கோல் அது. ஹவாயில் இல்லாத ஒரு விலங்கின் தந்தத்தை எடுத்துத் தங்கள் பழைய மரபுக்குள் வைத்திருக்கிறார்கள். இந்த மாளிகையின் போக்கே அதுதான், தளபாடம் பொஸ்டனில் செய்தது, மரம் ஹவாயுடையது, விளக்கு எடிசன் காலத்தது.

இதே மண்டபத்தில்தான் 1895 பெப்ரவரியில் லிலியுவோக்கலானியை இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் அவரை மீண்டும் அரசியாக்க ஒரு கிளர்ச்சி நடந்து தோற்றது. அது பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 5 வருடக் கடூழியமும் 5,000 டொலர் தண்டமும் என்று தீர்ப்பு. கடூழியம் நடைமுறைக்கு வரவில்லை. பதிலாக மேல்மாடி மூலை அறை ஒன்றில் ஏறத்தாழ 8 மாதம் அடைத்துவைத்தார்கள். பின்னாளில் அமெரிக்க ஆட்சியில் அரியணை மண்டபம் பிரதிநிதிகள் சபையாகவும், மறுபக்கத்து உணவறை செனற் சபையாகவும் 1969 வரை இயங்கின. ஆகவே வழிகாட்டி "இங்கே நடனம் நடந்தது" என்று சொல்லிக் கடந்தால், "விசாரணை நடந்தபோது அரசி எங்கே அமர்ந்திருந்தார்?" என்று கேளுங்கள். பேச்சு வேறு திசைக்குப் போகும்.

நேரம் குறைவென்றால் நீல அறையையும் மன்னரின் படுக்கையறையையும் வேகமாகக் கடக்கலாம். மேல்மாடி மூலை அறையைக் கடக்கவேண்டாம். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை மட்டும். பட்டு, வெல்வெட் துண்டுகளை ஒழுங்கற்ற வடிவங்களில் இணைத்து, அரசியும் அவரோடு தங்கிய தோழியும் சிறைநாட்களில் தைக்கத் தொடங்கியது. மொத்தம் 9 கட்டங்கள். நடுக்கட்டத்தில் ஹவாய்க் கொடிகளும், சிறைவைக்கப்பட்ட செய்தியும் நூலால் எழுதப்பட்டிருக்கின்றன. அரசிக்குப் பத்திரிகை படிக்க அனுமதி இல்லை. அவருடைய தோட்டத்திலிருந்து வந்த பூக்களைச் சுற்றியிருந்த தாள் பத்திரிகைத் தாளாக இருந்தது. உலகச் செய்தி அப்படித்தான் அந்த அறைக்குள் வந்தது.

அந்தப் போர்வைக்கு ஏன் இவ்வளவு மங்கலான ஒளி என்று பலர் முணுமுணுப்பதுண்டு. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டுக்கு எடை கூட்டுவதற்காக அதைத் தகரம், இரும்பு உப்புகளில் ஊறவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த உப்பு இழைக்குள் இருந்து, ஒளி பட்டால் பட்டை இன்னும் வேகமாக அரிக்கும். மடிப்பில் வெட்டியதுபோல் கிழியும், தொட்டால் தூளாகும். தைத்து மீட்க முடியாது, ஊசி போன இடமெல்லாம் புதிய கிழிசல். ஆகவே பட்டு, இறகு, சாயத்துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு) ஒளிதான் உலக அருங்காட்சியகங்கள் வைக்கும் எல்லை. நேரடி வெயில் 1,00,000 லக்ஸ். யன்னலோர வெயில் ஒரு மணி நேரம் செய்யும் கேடு, 50 லக்ஸில் 2,000 மணி நேரம் செய்யும் கேடுக்குச் சமம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் அப்பம்மாவின் கூறைச்சேலையைச் சட்டம் போட்டு, கடல் பார்த்த யன்னலுக்கு எதிரே மாட்டியிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நிலக்கீழ் தளத்தில் மணிமுடிகள், வாள்கள், பதக்கங்கள், சமையலறை. மன்னரின் மணிமுடியில் மின்னுவன போலிக்கற்கள். முடியாட்சி கவிழ்ந்த 1893 இல் காவலுக்கு நின்ற படையினன் ஒருவன் உண்மைக் கற்களைப் பெயர்த்துத் திருடிவிட்டான். அந்த இடங்களில் பிறகு கண்ணாடிக் கற்களைப் பதித்தார்கள். இதை மாளிகை மறைப்பதில்லை.

வெளியே வந்தால் நடந்தே பார்க்க நிறைய உண்டு. வீதிக்கு மறுபுறம், ஹவாய்த் தீவுகளை ஒரே அரசாக்கிய கமேஹமேஹா மன்னரின் சிலை. முதலில் வார்த்த சிலை கப்பலோடு போக்லாந்து அருகே மூழ்கியது; பிறகு மீட்டெடுத்து அவர் பிறந்த கோஹாலாவில் வைத்தார்கள். ஹொனலுலுவில் நிற்பது இரண்டாவது வார்ப்பு, 1883 இல் திறந்தது. சற்றுத் தள்ளிப் பவளக்கல்லில் கட்டிய கவாயாஹாவோ தேவாலயம். சட்டசபைக்குப் பின்னால், அரசி 1917 இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. பிஷப் அருங்காட்சியகம் நடக்கும் தூரத்தில் இல்லை, அதற்குத் தனியாக அரைநாள் வேண்டும். கமேஹமேஹாவின் மஞ்சள் இறகு மேலாடை அங்கேதான். ஏறத்தாழ 4,50,000 இறகுகள். அவற்றைத் தந்த மாமோ பறவை இன்று உலகில் இல்லை.

இடையில் ஒரு சிறு விடயம். யாராவது கழுத்தில் பூமாலை போட்டால், கொடுத்தவர் முன்னிலையில் கழற்றவேண்டாம். நம் மேடைகளில் மாலை விழுந்த கணமே கழற்றி மேசையில் வைப்பது அடக்கத்தின் அடையாளம். அங்கே அது கொடுத்தவரை அவமதிப்பது. வாடிய பிறகு குப்பைக்கூடையில் எறியாமல் மரத்தடியில் இடுங்கள்.

இனி நாங்கள் எழுத முக்கிய காரணம். முடியாட்சி கவிழ்ந்தபின் புதிய அரசு மாளிகைப் பொருட்களைப் பட்டியலிட்டு, அலுவலகத்துக்கு உதவாதவற்றைப் பகிரங்க ஏலத்தில் விற்றது. கதிரைகளும் பீங்கானும் உலகமெல்லாம் சிதறின. அறைகளைத் தடுப்புப் பலகை வைத்துப் பிரித்தார்கள். மரச்சட்டங்களை 1930 இல் எடுத்துவிட்டு இரும்பும் கொங்கிரீட்டும் வைத்தார்கள். 1966 இல், கலாக்கவுவாவின் மனைவி கப்பியோலானி அரசியின் தங்கை வழிவந்த லிலியுவோக்கலானி கவானானக்கோவா மொறிஸ், மாளிகையின் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1969 இல் அரசு வெளியேறியது. 1978 இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இந்த இடைவெளியில் பெரும்பகுதி வேலை மேசையில் நடந்தது. பழைய புகைப்படங்கள், கொள்வனவுச் சீட்டுகள், ஏலப் பட்டியல்கள், அக்காலப் பத்திரிகைச் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து, எந்த அறையில் எந்தச் சுவரோரம் எந்தக் கதிரை இருந்தது என்று முதலில் தீர்மானித்தார்கள். பொஸ்டனின் டவன்போர்ட் நிறுவனம் செய்த தளபாடமா என்று வேலைப்பாட்டை வைத்து ஒப்பிட்டார்கள். பொருளை வைத்திருந்தவர்களில் சிலர் விற்றார்கள், சிலர் இலவசமாகத் திருப்பிக்கொடுத்தார்கள். இன்னும் தேடுகிறார்கள்.

மீட்பு வேலை எங்கே கெட்டுப்போகிறது என்றால், ஆதாரம் தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் போகிற இடத்தில். இங்கே ஒரு தூண் இருந்திருக்கும், அங்கே ஒரு மயில் இருந்திருக்கும் என்று கொத்தனார் கைக்கு விட்டால் பத்து வருடத்தில் அசலும் கற்பனையும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சீமெந்து பூசுவது அடுத்த தவறு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சீமெந்து விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, செங்கல்லையே பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். மூன்றாவது, பகலில் மட்டும் குளிரூட்டியை ஓடவிட்டு மாலையில் அணைப்பது. இரவில் ஈரப்பதன் ஏறும், பகலில் இறங்கும். மரம் தினமும் உப்பிச் சுருங்கி மூட்டுகள் வாய்விடும். நிலையான 65 வீத ஈரப்பதனில் ஒரு பெட்டகம் கிடக்கலாம். ஒரே நாளில் 50 இற்கும் 80 இற்கும் இடையே ஏறி இறங்குவதை அது தாங்காது. அதைவிடக் குளிரூட்டியே இல்லாமல், காற்றோட்டமும் கறையான் கண்காணிப்பும் இருப்பது மேல்.

கொழும்பிலிருந்து ஹொனலுலு போகிறவர்கள் புறப்படுமுன் நமது தேசிய நூதனசாலையில் கண்டி அரியணை முன் சில நிமிடம் நிற்கவேண்டும். 1693 இல் ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815 இல் போனது. 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியது. அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் 1832 இல் இறந்தார். கண்டியிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துப்போன லெவ்கே பீரங்கி நெதர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தது 2023 இல்தான். ஹவாய்க்காரருக்கும் இதே வகை அனுபவம் உண்டு: 1779 இல் கலானியோப்புவு மன்னர் கப்டன் குக்குக்குப் போர்த்திய இறகு மேலாடை நியூசிலாந்திலிருந்து 2016 இல் ஊர் திரும்பியது. இந்த மூன்றும் அரசுகளும் நிறுவனங்களும் பேசித் திருப்பியவை. இயோலானியின் கதிரைகள் பெரும்பாலும் சாதாரண வீடுகளிலிருந்து வந்தவை. நமக்குப் பாடம் இருப்பது அங்கேதான்.

நல்லூரில் மந்திரி மனையும் சங்கிலியன் தோப்பு வளைவும் நிற்கின்றன. கொழும்பு 7 இலும் கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் பழைய வீடுகள் வருடாவருடம் விழுகின்றன. அவற்றைப் பற்றிய ஆதாரம் இன்று கோப்புகளில் இருப்பதைவிட வாசகர் வீட்டு அல்பங்களில் அதிகம் இருக்கும். கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தூண், கதவு நிலை, ஓட்டின் வரிசை, இவைதான் மீட்பு வேலைக்கு வேண்டியவை. ஹவாய் மொழியில் 1834 முதல் 1948 வரை வந்த நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் அந்த மக்களின் வரலாற்றை மீட்க எவ்வளவு உதவின என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். தங்கள் பத்திரிகை வாரத்துக்கு ஒரு படம் வீதம், பழைய கட்டடம் தெரியும் வீட்டுப் படங்களை இடமும் ஆண்டும் குறித்து வெளியிட்டால், வேறு வாசகர் எழுதித் திருத்துவார்கள், இன்னொரு படம் அனுப்புவார்கள்.

அனுப்புகிறவர்களுக்கு: அசலை அனுப்பவேண்டாம். ஒட்டியிருக்கும் அல்பத்திலிருந்து பிய்க்கவும் வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஓரத்தில் ஒரு அளவுகோலை வைத்தால் அசலின் அளவு பிறகு தெரியும். வெளிச்சம் கூட்டிய, நிறம் திருத்திய பிரதியைத் தனியாக வையுங்கள். முதல் ஸ்கேனில் கைவைக்க வேண்டாம். தனிப்படமாக இருந்தால் பின்புறம், ஓரத்தில், மென்மையான 2பி பென்சிலால் அழுத்தாமல் ஊர், வீட்டின் பெயர், ஆண்டு, எடுத்தவர் தெரிந்தால் அவர் பெயர், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் யாருடைய கல்யாணத்துக்கு முந்தியது, எந்தக் கலவரத்துக்குப் பிந்தியது என்றாவது எழுதினால் போதும். பேனை மை சில வருடத்தில் முன்பக்கம் ஊறிவரும். கிழிந்த படத்துக்கு ஒட்டுநாடா போடவேண்டாம், அதன் பசை மஞ்சளாகிப் படத்தோடு ஒன்றிவிடும். லமினேட் கடைக்கு மட்டும் கொண்டுபோகவே வேண்டாம்; சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
அரும்பொருள் பேணல், சுற்றுலா வழிகாட்டல் துறைகளிலுள்ள வாசகர் சிலர்,
கொழும்பு 6.